12 வோல்ட்தானே சார்?

போன வாரம் இறுதியாண்டு மாணவர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார். வலது பக்கக் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பிசுக்கு. அவருடைய பூஸ்ட் கன்வெர்ட்டரில் (குறைந்த டி.சி. வோல்டேஜை ஏற்றித் தரும் சர்க்யூட்) அவுட்புட் கெப்பாசிட்டர் வெடித்திருக்கிறது. லோடாக, அதாவது அவுட்புட் கரண்ட்டை இழுப்பதற்காக, வைத்திருந்த ரியோஸ்டாட்டில் (கூட்டிக் குறைக்கக்கூடிய மின்தடை) ஒரு வயர் கழன்றதுதான் காரணம். இந்தக் கல்வியாண்டில் என்னிடம் வந்த மூன்றாவது வெடிப்பு இது. மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்வி: "12 வோல்ட்தானே சார்?"

தம்பி, 12 வோல்ட் என்பது உள்ளே வருவது. வெளியே எதுவரை ஏறும் என்று அது சொல்லாது.

டியூட்டி (ஒவ்வொரு சுற்றிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு) 50 சதவீதம், ஆகவே 12-ஐ மீதி 0.5-ஆல் வகுத்தால் அவுட்புட் 24 வோல்ட் என்று எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். லோடு போதுமான கரண்ட்டை இழுத்து, இண்டக்டர் (கம்பிச் சுருள்) கரண்ட் சுழியத்தைத் தொடாமல் ஓடும் வரைக்கும்தான் அந்தச் சூத்திரம் செல்லும். வயர் கழன்ற நொடியே அது செத்துவிடும். வோல்டேஜை விட்டுவிட்டு ஆற்றலைக் கணக்குப் பாருங்கள். அந்தச் சர்க்யூட்டில் ஆற்றலைச் சேர்த்து வைப்பவை இரண்டே: இண்டக்டர், கெப்பாசிட்டர். மாஸ்ஃபெட் (இங்கே ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) ஆனில் இருக்கும்போது இண்டக்டர் நிரம்புகிறது. ஆஃப் ஆனதும் தன்னிடம் இருப்பதைக் கெப்பாசிட்டரில் கொட்டுகிறது. அங்கே இடம் இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. மாடித் தொட்டி நிரம்பினாலும் மோட்டார் இறைத்துக்கொண்டேதான் இருக்கும். தொட்டியாவது வழியும், கெப்பாசிட்டருக்கு வழியத் தெரியாது, வோல்டேஜ்தான் ஏறும்.

அவருடைய சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். 100 மைக்ரோஹென்றி இண்டக்டர், 50 கிலோஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் 10 மைக்ரோ நொடி ஆன். கரண்ட் 1.2 ஆம்பியர் வரை ஏறும். அதில் சேரும் ஆற்றல் 72 மைக்ரோஜூல். அற்பம்தான். ஆனால் நொடிக்கு 50,000 சுற்று, அப்படியானால் 3.6 ஜூல். அவர் போட்டிருந்தது 63 வோல்ட் வரை தாங்கும், 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். 24 வோல்ட்டிலிருந்து 63 வோல்ட் வரை போக அதற்கு வேண்டியது சுமார் 0.17 ஜூல். வயர் கழன்று 50 மில்லி நொடிக்குள் எல்லை தாண்டிவிட்டது. கண் இமைக்கக்கூட அதைவிட நேரம் ஆகும். அப்புறம் உள்ளே சூடேறி, வாயு சேர்ந்து, உச்சியிலுள்ள சிலுவைக் கீறல் உப்பிப் பிளக்கும்.

"10 கிலோ ஓம் பிளீடர் போட்டிருந்தேனே சார்" என்றார். பிளீடர் என்பது சப்ளையை அணைத்தபின் கெப்பாசிட்டரை வடிக்க. இந்தச் சர்க்யூட்டில் 24 வோல்ட் நிற்க லோடு 80 ஓமுக்கு மேல் போகக் கூடாது. 10 கிலோ ஓம் மட்டும் இருந்தால், இழப்புகளை ஒதுக்கிப் போட்ட கணக்கில், 190 வோல்ட்டைத் தாண்டும். அவர் போட்டிருந்த ஐஆர்எஃப்840 மாஸ்ஃபெட் 500 வோல்ட் தாங்கும். ஆகவே அதுவும் முந்திப் பழுதாகி ஏற்றத்தை நிறுத்திக் காப்பாற்றவில்லை. சிமுலேஷனில் எல்லாம் சரியாகத்தான் வந்ததாம். வரும், அங்கே வயர் கழலுவதில்லை.

ஃபீட்பேக் (அவுட்புட்டை அளந்து டியூட்டியைத் தானே திருத்தும் ஏற்பாடு) போட்டுவிட்டால் கவலை இல்லை என்றும் நம்ப வேண்டாம். பூஸ்ட்டில் டியூட்டியைக் கூட்டினால் அவுட்புட் முதலில் குறையும், பிறகுதான் ஏறும். ஆற்றல் முதலில் இண்டக்டருக்குப் போவதால் அந்த நேரத்தில் கெப்பாசிட்டர் பட்டினி. அவுட்புட் வோல்டேஜை மட்டும் பார்க்கும் கண்ட்ரோலரை அவசரக்காரனாக அமைத்திருந்தால் இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்று தள்ளும். ஆற்றலை வைத்துக் கண்ட்ரோலர் வடிவமைப்பவர்கள் இரண்டு சேமிப்பையும் சேர்த்தே பார்ப்பது இதனால்தான். நீங்களும் இண்டக்டர் கரண்ட்டை அளந்து உள்ளே கொடுங்கள்.

லோடை இணைத்து, திருகை இறுக்கி, இழுத்துப் பார்த்துவிட்டு சப்ளையைப் போடுங்கள். அணைக்கும்போது சப்ளை முதலில், லோடு கடைசியில். சப்ளையில் கரண்ட் லிமிட்டை வையுங்கள். அவுட்புட் 30 வோல்ட் தாண்டினால் மாஸ்ஃபெட்டை ஆன் செய்யும் கேட் பல்ஸை நிறுத்தி, நாமே ரீசெட் செய்யும்வரை நிறுத்தியே வைக்கும் ஒரு கம்பாரேட்டர் (இரண்டு வோல்டேஜை ஒப்பிடும் சர்க்யூட்) கட்டாயம் வேண்டும். அதை மைக்ரோகண்ட்ரோலர் புரோகிராமில் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். புரோகிராம் தொங்கி நின்றுவிட்டால் அந்தப் பாதுகாப்பும் தொங்கும். தொடும் முன் மீட்டரை டி.சி.யில் வைத்து அளந்து பாருங்கள், ஏ.சி.யில் வைத்துச் சுழியம் காட்டுகிறது என்று கை வைக்காதீர்கள்.

கெப்பாசிட்டருக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் எட்டிப் பார்க்காதீர்கள், தயவுசெய்து. பாதுகாப்புக் கண்ணாடி லேப் அலமாரியிலேயே இருக்கும், கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த மாணவருக்குக் கிட்டப்பார்வை இருந்ததால்தான் அன்று முகத்தில் கண்ணாடி இருந்தது.