மடியில் இருக்கும் பிள்ளைக்கும் காரின் வேகம்தான்

வெள்ளவத்தையில் 20 வருடங்களுக்கு மேலாக உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். இயக்க விதிகள் தொடங்கும் நாளில் புத்தகத்தைத் திறக்கவிடாமல் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். "நூறாம் நம்பர் பஸ்ஸில் நின்றுகொண்டு வாறீங்கள். பம்பலப்பிட்டியில் சாரதி சடாரெனப் பிரேக் அடிக்கிறார். நீங்கள் முன்னுக்குப் போய் விழப் பார்க்கிறீர்கள். உங்களை முன்னுக்குத் தள்ளிய விசை எது?"

"பஸ் தள்ளுது சேர்" என்பான் ஒருவன். "பிரேக்கின்ர விசை" என்பாள் இன்னொருத்தி. கொஞ்சம் படித்த பிள்ளை, இருந்த நிலையிலேயே தொடரும் இயல்பான சடத்துவத்தை விசையாக்கி, "சடத்துவ விசை" என்று சொல்லும். பத்தாம் தரத்திலேயே நியூட்டனின் முதலாம் விதியைப் பாடமாக்கி, பரீட்சையில் புள்ளியும் வாங்கியவர்கள் இவர்கள்.

சரியான விடை, எந்த விசையும் தள்ளவில்லை என்பதுதான். பஸ் 40 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது உள்ளே நிற்பவரும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறார். பிரேக் பஸ்ஸைப் பிடிக்கிறது, அவரைப் பிடிக்கவில்லை. தரையோடு பட்டிருக்கும் பாதத்தை உராய்வு நிறுத்துகிறது. மேலுடம்பு தன்பாட்டில் போய்க்கொண்டே இருக்கிறது. கம்பியைப் பிடித்த கைதான் அதைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். பஸ் முழுதாக நிற்கும் முன்னே மிதிபலகையிலிருந்து இறங்குபவர்கள் காலி வீதியில் முகம் குப்புற விழுவதும் இதே காரணத்தால்தான்.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். பெடல் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடுகிறது. ஆகவே ஓட வேண்டுமென்றால் விசை வேண்டும் என்றுதான் உடம்பு நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லித்தருகிறது. அரிஸ்டோட்டிலும் அப்படித்தான் நினைத்தார். சைக்கிளை நிறுத்துவதே உராய்வு என்ற விசைதான், அது இல்லாவிட்டால் சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று காண கலிலியோ வரவேண்டியிருந்தது. 1687இல் நியூட்டன் அதைத் தன் முதலாம் விதியாக எழுதி வைத்தார்.

இந்தப் பிழை பரீட்சைத் தாளோடு நின்றால் நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். வகுப்பு முடிந்து பிள்ளைகளை ஏற்ற வரும் கார்களைப் பார்க்கிறேன். முன் ஆசனத்தில் அம்மா, மடியில் ஒரு வயதுத் தம்பி, ஆசனப்பட்டி இல்லை. ஒருமுறை ஒரு தாயிடம் இது ஆபத்து என்று சொன்னபோது, "நான் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டுதான் இருப்பன் சேர், விட மாட்டன்" என்றார். அவருடைய பாசத்தில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கு வேறு சொல்கிறது.

மணிக்கு 40 கிலோமீற்றர் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய 11 மீற்றர். எதிலாவது மோதும் கார் 0.1 செக்கனில் நின்றுவிடுகிறது என்று வைப்போம். அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், செக்கனுக்குச் செக்கன் 110 மீற்றர் வரும். பிள்ளையின் திணிவு 10 கிலோகிராம் என்றால், நியூட்டனின் இரண்டாம் விதிப்படி (விசை = திணிவு × முடுகல்), பிள்ளையும் காரோடு சேர்ந்து நிற்பதற்குத் தேவைப்படும் விசை 1,100 நியூட்டன். இது 110 கிலோகிராமைத் தூக்கும் விசை. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு 50 கிலோ அரிசி மூட்டைகளை, முன்னறிவிப்பே இல்லாமல், நீட்டிய இரண்டு கையால் பிடிப்பதற்கு ஒப்பானது இது. எந்தத் தாயாலும் முடியாது. அதைவிட மோசம், பட்டி போடாத தாயும் அதே 11 மீற்றர் வேகத்தில் முன்னுக்குப் போகிறார். அவர் 60 கிலோ என்றால், அந்தப் பாரம் முழுவதும் பிள்ளைக்குப் பின்னால் வருகிறது. ஒரே பட்டிக்குள் இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டாலும் பிள்ளை இடையில் நசுங்கும். மோட்டார் சைக்கிளில் எண்ணெய்த் தாங்கியின் மேல் பிள்ளையை இருத்திக்கொண்டு போகும் அப்பாமாருக்கும் இதையே சொல்கிறேன்.

அப்படியென்றால் ஆசனப்பட்டி என்ன செய்கிறது? ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடிய எவருக்கும் இது தெரியும். லெதர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே பிடிப்போம். உந்தம் (திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது) மாறுவது அதே அளவுதான், ஆனால் மாற எடுக்கும் நேரம் கூடுவதால் விசை குறைகிறது. பட்டி உங்களைக் காரோடு கட்டிவைக்கிறது. காரின் முன்பகுதி நசுங்கும் அந்தச் சிறு நேரம் உங்களுக்கும் கிடைக்கிறது. பட்டி இல்லாதவர், கார் நின்ற பிறகும் ஓடிப்போய், கண்ணாடியில் ஒரு கணத்தில் நிற்கிறார். ஹெல்மெட்டுக்குள் இருக்கும் நுரையும் தான் நசுங்கி அதே நேரத்தைத்தான் தலைக்கு வாங்கித்தருகிறது. வார் பூட்டாத ஹெல்மெட், தலை மோதும் முன்பே கழன்று பறந்துவிடும்.

கைக்குழந்தைக்கு, காரின் பின் ஆசனத்தில் பின்னோக்கிப் பொருத்தும் குழந்தை இருக்கை வேண்டும். குழந்தையின் தலை உடம்போடு ஒப்பிடும்போது பாரம், கழுத்தோ பலவீனம். பின்னோக்கி இருந்தால் விசை முதுகு முழுவதிலும் பரவும். பெரிய செலவுதான், தெரியும். உறவினர்களுக்குள் பிள்ளை வளர வளரக் கைமாற்றிக்கொள்ளலாம். ஆனால் விபத்தில் சிக்கிய இருக்கையை வாங்க வேண்டாம்.

அந்தத் தாய் கடைசியில் கேட்டார், "காரில சரி சேர், ஓட்டோவில என்ன செய்யிறது?" நேர்மையான பதில், ஓட்டோவில் பிள்ளையைக் கட்டிவைக்க ஒன்றும் இல்லை. கையில் இருப்பது வேகம் மட்டும்தான். வேகம் பாதியானால் இயக்கசக்தி, அதாவது ஓட்டத்தால் வரும் சக்தி, காற்பங்காகிறது. பிள்ளையை இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் இருத்துங்கள், வாசல் பக்கம் வேண்டாம், நிற்கவிடவும் வேண்டாம். ஏறியவுடனேயே "அண்ணை, பிள்ளை இருக்குது, மெல்லமாப் போங்கோ" என்று சொல்லுங்கள். நான் சொன்ன எந்தச் சாரதியும் இதுவரை கோபித்ததில்லை.