அடாப்டர் போட்டால் ஸ்கூட்டர் வேகமாக சார்ஜ் ஏறுமா?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் மின்வண்டி சார்ஜிங் ஸ்டேஷன்களை சர்வீஸ் செய்யப் போகும்போது அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. கார்களுக்கான டைப் 2 கன்னில் (ஸ்டேஷன் கேபிளின் முனையில் இருக்கும், காரில் மாட்டும் பிளக்) ஒரு சின்ன அடாப்டர், அதன் மறுமுனையில் மூன்று பின் சாக்கெட், அதில் ஸ்கூட்டரோடு வந்த சார்ஜர். கேட்டால், "வேகமா ஏறும்னு சொல்லித்தான் சார் வித்தாங்க" என்பார்கள்.

ஏறாது. 7.4 கிலோவாட் ஸ்டேஷன் 32 ஆம்பியர் வரை தரத் தயாராக இருக்கும். ஆனால் எவ்வளவு எடுப்பது என்று முடிவு செய்வது உங்கள் சார்ஜர். ஸ்கூட்டரோடு வரும் சார்ஜர்கள் பலவும் ஒரு கிலோவாட்டுக்கும் குறைவானவை. வீட்டில் ஐந்து மணி நேரம் ஆகிறதென்றால் இங்கேயும் அதே ஐந்து மணி நேரம்தான்.

சரி, வேகம் கூடாவிட்டால் போகட்டும். பாதுகாப்பும் அல்லவா போகிறது! காரில் கன்னை மாட்டியதும், கன் சரியாக உட்கார்ந்ததா, வண்டி தயாரா என்று ஸ்டேஷன் ஒரு சிக்னல் பின் வழியாக முதலில் விசாரிக்கும். பதில் வந்த பிறகுதான் கரண்ட் விடும். மலிவான அடாப்டருக்குள் அந்தப் பதிலைச் சொல்வது ஒரு ரெசிஸ்டர். 'கார் தயார்' என்று அது சொல்லும் பொய்யை ஸ்டேஷனும் நம்பிவிடும். அப்புறம் ஸ்கூட்டரைச் சொருகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த சாக்கெட்டில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும், நவம்பர் மழையிலும்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது எம்சிபிதான், அதாவது லோடு மிஞ்சினால் தானே ட்ரிப் ஆகி கரண்டை நிறுத்தும் சுவிட்ச். வீட்டில் 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அதற்கேற்ற எம்சிபி இருக்கும். இங்கே அந்த சாக்கெட்டுக்குப் பின்னால் இருப்பது 32 ஆம்பியர் லோடுக்கான எம்சிபி. எக்ஸ்டென்ஷன் போட்டு இன்னும் சில ஆட்டோ சார்ஜர்களையும் சேர்த்து மாட்டினால் லோடு 16 ஆம்பியரைத் தாண்டிவிடலாம், ஆனால் எம்சிபி ட்ரிப் ஆகாது. கழற்றிப் பார்த்தால் நியூட்ரல் பக்கம் பழுப்பேறி, பிளக் பின் உருகிய பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஈ.சி.ஆர். பக்கம் உப்புக்காற்றில் பின்கள் களிம்பேறியிருந்தால் இவ்வளவு லோடுகூட வேண்டாம். லூஸ் கான்டாக்ட்டில் வரும் சூட்டை எந்த எம்சிபியாலும் கண்டுபிடிக்க முடியாது.

பேட்டரிக்கு நேரடியாக டிசி கரண்ட் தரும் டிசி ஃபாஸ்ட் சார்ஜரில் இந்த விளையாட்டே வேண்டாம். இங்கே இப்போது விற்கும் மின்கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது சிசிஎஸ் 2 என்ற டிசி சார்ஜிங் போர்ட்தான், அடாப்டருக்கு அவசியமே இல்லை. சிசிஎஸ் 2 கன்னைப் பிடித்து வைக்கும் லாக் காரின் பக்கம் இருக்கிறது. நடுவில் அடாப்டர் வந்தால் லாக் அதைத்தான் பிடிக்கும், கன்னை அல்ல. சார்ஜ் ஓடும்போது யாராவது கன்னை இழுத்தால், நூற்றுக்கணக்கான வோல்ட் டிசியில் எழும் ஆர்க் (தொடர்ந்து எரியும் மின்பொறி) லேசில் அணையாது.

அடாப்டர் போட்டே ஆகவேண்டுமென்றால் வண்டிக் கம்பெனி அனுமதித்ததை மட்டும் வாங்குங்கள். கால் மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் முதலில் மொபைல் ஆப்பில் சார்ஜிங்கை நிறுத்துங்கள், பிறகு கழற்றுங்கள். ஸ்கூட்டருக்கு உண்மையிலேயே ஃபாஸ்ட் சார்ஜிங் வேண்டுமென்பவர்கள், சிறு மின்வண்டிகளுக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 17017-2-6 படி அமைந்த சார்ஜிங் போர்ட் வண்டியில் இருக்கிறதா, டிசியை அது ஏற்குமா என்று ஷோரூமிலேயே கேட்டு வாங்குவது நல்லது.