பாக்கி கேட்கும் மின்னஞ்சலில் ‘காஃப் அப்’ வேண்டாம்

அலுவலக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் என்னிடம் திருத்தத்துக்கு வருபவற்றில் பாக்கி கேட்டு எழுதும் மின்னஞ்சல்கள் நிறைய. “ப்ளீஸ் காஃப் அப் த பேலன்ஸ் பை ஃப்ரைடே” என்று கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் வாடிக்கையாளருக்கு எழுதி வைத்திருந்தார். ‘பே’ என்று எழுதினால் சாதாரணமாக இருக்கிறதே என்று இதைப் போட்டாராம். முன்னால் ப்ளீஸ் இருப்பதால் மரியாதை குறையாது என்றும் நம்பியிருக்கிறார். குறையும், நிறையவே குறையும்.

காஃப் என்றால் இருமல். தொண்டையில் இருக்கும் சளியையோ ரத்தத்தையோ இருமி வெளியே தள்ளுவதுதான் இந்தத் தொடரின் நேர்ப்பொருள். மருத்துவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது லேசில் வராது, உடம்பை உலுக்கித்தான் வரும். அந்தச் சிரமத்தை வைத்துத்தான், மறைத்த விஷயத்தை வேறு வழியில்லாமல் சொல்வதற்கும், மனசே இல்லாமல் பணம் கொடுப்பதற்கும் பேச்சில் இது வழங்குகிறது. பணம் கொடுக்கும் பொருள் 1890களிலேயே பதிவாகியிருக்கிறது.

ஆக, இதில் ‘கொடு’ மட்டும் இல்லை, ‘உனக்குக் கொடுக்க மனசில்லை’ என்பதும் சேர்ந்தே இருக்கிறது. “கார் ரிப்பேருக்கு இருபதாயிரம் அழுதேன்” என்று நாம் புலம்புகிறோம் இல்லையா, அந்த இடத்தில் ‘ஐ ஹேட் (had) டு காஃப் அப்’ கச்சிதமாகப் பொருந்தும். நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அதையே எதிராளியிடம் திருப்பினால் “பணத்தைக் கக்கு” என்று ஆகிவிடும். ஒழுங்காகப் பணம் கட்டிவரும் ஒருவர், ஒரு மாதம் தாமதமானதற்கு இதைப் படிக்க நேர்ந்தால் என்ன நினைப்பார்? அடுத்த ஆர்டர் வேறு இடத்துக்குப் போகலாம்.

பணம் கொடுப்பதற்குப் பேச்சில் சொல்லும் இன்னொரு தொடரான ‘ஷெல் அவுட்’ இவ்வளவு கடுமை இல்லை. பட்டாணியைத் தோல் உரித்து எடுப்பதிலிருந்து வந்தது, செலவு கூடிப்போனதே என்ற ஆதங்கம்தான் அதில் அதிகம். அதுவும் பேச்சு வழக்குதான், பாக்கி கேட்கும் கடிதத்துக்கு ஆகாது.

அந்த ஊழியரின் வரியை “வி வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் செட்டில் த பேலன்ஸ் பை ஃப்ரைடே” என்று மாற்றினோம். பில் எண்ணும் தொகையும் அதற்கு மேல் வரியிலேயே இருக்கட்டும், தேடவைக்க வேண்டாம். சரி, இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லையா? ‘ஓவர்டியூ’ என்று எழுதுங்கள். கண்டிப்பான சொல்தான். ஆனால் கெடு தாண்டிவிட்டது என்பதை மட்டும்தான் சொல்கிறது, அவர் மனசுக்குள் புகுந்து எதையும் சொல்லவில்லை.