பூட்டிய அறையில் கிடந்த கணினிக்கு உடனே மின்சாரம் கொடுக்காதீர்கள்

தேவகோட்டை வாசகி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காக ஊருக்கு வந்து வீட்டைத் திறந்தோம். எங்கள் ஐயா கணக்கு எழுதிய பழைய 386 கம்ப்யூட்டர் இரண்டாம் கட்டு அறையில் அப்படியே இருக்கிறது. 25 வருடமாக யாரும் தொடவில்லை. பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா? வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் இதைவிடப் பழைய கணினிகளை ஓட்டிக் காட்டுகிறார்களே, அது எப்படி?"

செருகாதீர்கள். நெடுநாள் உறங்கிய கணினியைப் பெரும்பாலும் கெடுப்பது அந்த முதல் நொடி மின்சாரம்தான்.

முதலில் பெட்டியைத் திறந்து, மதர்போர்டு எனும் முதன்மைச் சுற்றுப் பலகையைப் பாருங்கள். அந்தக் காலத்துப் பலகைகள் பலவற்றில் நேரம் காட்டுவதற்காக ஒரு சிறிய நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். அது கசிந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வந்து செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, கசிந்த இடத்தை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, சுத்தம் செய்து உலரவிட வேண்டும். வினிகரின் அமிலம் அந்தக் காரத்தை முறித்துவிடும். இதெல்லாம் பள்ளி வேதியியல்தான்.

அப்புறம் வருவது மின்தேக்கி, மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்துத் தரும் உறுப்பு. ரேடியோ மெக்கானிக் இதைக் கண்டன்சர் என்பார். பவர் சப்ளை பெட்டிக்குள் கட்டைவிரலைவிடப் பருமனாக நிற்கும் அலுமினிய உருளை இதுதான். உள்ளே இரண்டு அலுமினியத் தாள்களும், நடுவே திரவத்தில் ஊறிய காகிதமும் பாய்போலச் சுருட்டப்பட்டிருக்கும். இரண்டு தாள்களுக்கு இடையே காகிதம்தான் மின்காப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தக் காகிதம் திரவத்தைப் பிடித்துவைக்க மட்டுமே இருக்கிறது. திரவமோ மின்சாரத்தைக் கடத்தும். உண்மையான மின்காப்பு, நேர்மின் தாளின்மேல் வளர்ந்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு படலம். அதன் கனம் ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர் என்ற கணக்கு. 200 வோல்ட் தாங்கும் மின்தேக்கியில்கூட அது ஒரு மைக்ரானைத் தொடாது.

இந்தப் படலம் உருவாகும் விதம் எனக்குத் தீராத வியப்பு. தாளைத் திரவத்தில் வைத்து வோல்ட் கொடுத்தால் அலுமினியமும் ஆக்சிஜனும் அயனிகளாகி, ஒன்றையொன்று நோக்கி நகர்ந்து சேர்ந்து ஆக்சைடாகப் படிகின்றன. படலத்தின் ஊடே அயனியை இழுக்க மிகக் கடுமையான மின்புலம் வேண்டும், சென்டிமீட்டருக்கு 70 லட்சம் வோல்ட் அளவுக்கு. காற்று சுமார் 30 ஆயிரத்திலேயே முறிந்து பொறி விட்டுவிடும். படலம் தடிக்கத் தடிக்க, அதே வோல்ட் அதிகக் கனத்தில் பரவி மின்புலம் தளர்கிறது. அயனிகள் நின்றுவிடுகின்றன, வளர்ச்சியும் நின்றுவிடுகிறது. யாரும் அளந்து நிறுத்த வேண்டியதில்லை. எத்தனை வோல்ட் கொடுத்தோமோ அத்தனைக்குத் தேவையான கனம் வந்ததும் அதுவே ஓய்ந்துவிடும்.

பல வருடம் மின்சாரம் இல்லாமல் கிடந்தால், திரவத்தில் உள்ள நீர் இந்தப் படலத்தை ஆங்காங்கே பலவீனப்படுத்துகிறது. அந்த நிலையில் ஸ்விட்சைத் தட்டினால் என்ன ஆகும்? நம் வீட்டு 230 வோல்ட் மாறுமின்சாரம் நேர்மின்சாரமாக மாறும்போது உச்சம் சுமார் 325 வோல்ட். மெலிந்த இடங்கள் வழியே அது பாய்கிறது, திரவம் சூடாகிறது, எதிர்மின் பக்கம் ஹைட்ரஜன் பொங்குகிறது, அழுத்தம் தாங்காமல் உருளை வெடிக்கிறது. "பூட்டிய வீட்டுச் சாமான், ராசியில்லை" என்று சொல்லி அதைக் காயலான் கடைக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. ராசிக்கும் ராகுகாலத்துக்கும் இதில் வேலையே இல்லை. ஆயுத பூஜைப் பொட்டை வெளிப்பெட்டியில் வையுங்கள், தாராளமாக. ஈரச் சந்தனமும் குங்குமமும் காற்றுத் துளை வழியே உள்ளே விழக்கூடாது, அவ்வளவுதான்.

ஆனால் அதே வோல்ட்டை மெல்ல மெல்ல, மின்தடை ஒன்றின் வழியாக மிகக் குறைந்த மின்னோட்டமாகக் கொடுத்தால் கதை மாறுகிறது. கசிவு எங்கே அதிகமோ அங்கேதான் மின்னோட்டம் குவிகிறது. மின்னோட்டம் குவியும் இடத்தில்தான் புது ஆக்சைடு வளர்கிறது. சேதமே தன் பழுதுக்கு ஆள் அழைத்துக்கொள்கிறது! செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் மயிரிழை விரிசல் விட்டால், உள்ளே புகும் மழைநீரே சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவந்து விரிசலை அடைக்குமே, கிட்டத்தட்ட அப்படி. கசிவு மின்னோட்டம் குறைவதை மீட்டரில் பார்த்துக்கொண்டே வோல்ட்டைப் படிப்படியாக ஏற்றுவார்கள். சில மின்தேக்கிகளுக்கு மணிக்கணக்கில் பொறுமை வேண்டும்.

அருங்காட்சியகத் தன்னார்வலர்களின் உழைப்பில் பெரும்பகுதி இப்படிப்பட்ட பொறுமைதான். இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில், 1951-ல் வேலை தொடங்கிய ஹார்வெல் டெகட்ரான் கணினியை அவர்கள் 2012-ல் மறுபடி ஓடவைத்தார்கள். அதன் எடை 2.5 டன். அமெரிக்காவில் மவுண்டன் வியூ கணினி அருங்காட்சியகத்தில், 1959-ல் அறிமுகமான ஐ.பி.எம் 1401 வகைக் கணினிகள் இரண்டை ஓய்வுபெற்ற பொறியாளர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் சீர்செய்து ஓட்டுகிறார்கள். திரவமே வற்றிப்போன மின்தேக்கிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அப்போது பழைய உருளையைக் குடைந்து, புது மின்தேக்கியை உள்ளே ஒளித்துவைப்பவர்களும் உண்டு. எதை மாற்றினோம் என்று எழுதிவைப்பது இந்த வேலையில் முக்கியமான ஒழுக்கம்.

இந்த வேதியியலின் பெயர் மின்வேதியியல். அதற்கென்றே ஒரு தேசிய ஆய்வகம் காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் அது திறக்கப்பட்டது. அடிப்படை ஆராய்ச்சிக்கு ஒரு தனிமனிதர் இப்படி அள்ளிக்கொடுத்த ஊரில், பழைய கணினிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறு பட்டறைக்கு ஒரு வளவு வீடு கிடைக்காதா? பொறியியல் மாணவர்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற விஞ்ஞானிகளும் டிவி மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். கட்டடத்துக்கு விழா எடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்கு வந்தால் போதும். அரசும் நகரத்தார் அறக்கட்டளைகளும் இதை யோசிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

சரி, தேவகோட்டைக் கணினிக்கு வருவோம். பவர் சப்ளையை நீங்களே திறக்க வேண்டாம், மானிட்டரையும் தொட வேண்டாம். இரண்டிலும் உயிரைப் பறிக்கும் வோல்ட் உண்டு. அனுபவமுள்ள எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கிடம் பவர் சப்ளையை மட்டும் கொடுத்து, மின்தேக்கிகளைக் கழற்றி, மேலே சொன்னபடி மெல்ல வோல்ட் ஏற்றிப் பதப்படுத்தச் சொல்லுங்கள், முடியாதவற்றை மாற்றச் சொல்லுங்கள். அதை மதர்போர்டில் இணைக்கும் முன் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் சரியாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹார்டு டிஸ்க் சுழன்றால், ஐயாவின் கணக்கைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, முதலில் வட்டு முழுவதையும் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். இரண்டாவது தடவை அது சுழலும் என்று உறுதி சொல்ல முடியாது.