100% காட்டிய பிறகும் பென்டிரைவைப் பிடுங்காதீர்கள்

லினக்ஸ் கணினியில் 700 எம்பி வீடியோ ஒன்றைப் பென்டிரைவுக்கு நகலெடுக்கிறீர்கள். ஐந்தாறு நொடியில் வேலை முடிந்ததாகத் திரை சொல்கிறது. பென்டிரைவோ நொடிக்கு 10 எம்பி எழுதும் ரகம்; 70 நொடி ஆக வேண்டும். மிச்சம் எங்கே? ரேமில். கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, கோப்பை அங்கே வாங்கி வைத்துக்கொண்டு பிறகு எழுதுகிறது. இயல்பான அமைப்பில், 5 நொடிக்கு ஒருமுறை எழுந்து பார்த்து, 30 நொடிக்கு மேல் காத்திருக்கும் தரவை வெளியே தள்ளும். தேங்கியது அளவு மீறினால் முன்னதாகவே தொடங்கும். டெர்மினலில் ‘சிங்க்’ (sync) என்று தட்டுங்கள்: மிச்சம் எழுதி முடியும்வரை கர்சர் திரும்பாது. அது திரும்பிய பிறகு அன்மவுன்ட் செய்து (கணினியின் பிடியிலிருந்து விடுவித்து) எடுக்கலாம்.

விண்டோஸில் நிலைமை கொஞ்சம் மேல். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து ‘குயிக் ரிமூவல்’தான் இயல்புநிலை, எழுத வேண்டியதைத் தேக்கி வைப்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ், அதில் உங்கள் சாதனத்தின் ப்ராப்பர்டீஸ், பாலிசீஸ் என்று போய்ப் பாருங்கள். ‘பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்’ தேர்வாகியிருந்தால் எஜெக்ட் (பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளை) கட்டாயம். குயிக் ரிமூவல் இருக்கிறதே என்று நகலெடுக்கும்போதே உருவினால் அதுவும் காப்பாற்றாது.

ஏனென்றால் பென்டிரைவில் கோப்புகளை அடுக்கும் முறைகளில் ஒன்றான ஃபேட்32-இல் ஒரு கோப்பு மூன்று இடத்தில் எழுதப்படுகிறது: உள்ளடக்கம், ஃபோல்டர் பதிவு, எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று சொல்லும் அட்டவணை. இடையில் மின்சாரம் போனால் பெயர் இருக்கும், அளவு 0 என்று காட்டும். அல்லது உள்ளடக்கம் இருக்கும், அதற்குப் பெயர் இருக்காது. பிழை திருத்தும் விண்டோஸ் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டினால் ‘ஃபவுண்ட்.000’ ஃபோல்டரில் வந்து விழும் அநாதைத் துண்டுகள் இவைதான். இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் ஜர்னல், அதாவது மாற்றங்களைக் குறித்துவைக்கும் பதிவேடு, உண்டு. அது கட்டமைப்பைத்தான் காக்கும். பாதி எழுதிய எக்ஸெலை முழுசாக்காது.

எஜெக்ட் கொடுத்தால் விண்டோஸ் முதலில் சாதனத்தைப் பயன்படுத்தும் நிரல்கள் எல்லாவற்றிடமும் ‘எடுக்கலாமா?’ என்று கேட்கும். பிடுங்கினால் கேட்க நேரமில்லை, போய்விட்டது என்ற தகவல் மட்டும்தான். ‘பயன்பாட்டில் உள்ளது’ என்று மறுத்தால் ஈவென்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் கெர்னல்-பிஎன்பி (Kernel-PnP) என்ற மூலத்தின் 225-ஆம் எண் நிகழ்வைத் தேடுங்கள். பிடித்துவைத்திருக்கும் நிரலின் பெயர் இருக்கும். லினக்ஸில் ‘எல்எஸ்ஓஎஃப்’ (lsof) கட்டளை சொல்லும்.

தவறிப் பிடுங்கிவிட்டீர்களா? பென்டிரைவிலிருந்து திறந்த ஆவணம் இன்னும் திரையில் இருந்தால் மூடாதீர்கள். முதல் வேலையாக ‘சேவ் ஆஸ்’ கொடுத்துக் கணினியிலேயே சேமியுங்கள். மறுபடி செருகும்போது ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்டால் கேன்சல். முக்கியமான தரவு என்றால் செக்டிஸ்க்கைக்கூட உடனே ஓட்ட வேண்டாம், அது சாதனத்திலேயே திருத்தி எழுதும். டிடிரெஸ்க்யூ (ddrescue) என்ற மீட்பு நிரல் கொண்டு முழு நகல் எடுத்து, மீட்பு வேலையை அந்த நகலில் செய்யுங்கள்.