சுருட்டு: சிகாருக்குத் தமிழ் தேடுகிறவர்களுக்கு

பரந்தனில் இருக்கும் தம்பி ஒருவர் வீட்டிலேயே சிகார் சுற்றிப் பழகுகிறார். பொழுதுபோக்குத்தான், விற்கிற எண்ணம் கிடையாது. காணொளி பார்த்துப் பார்த்துச் செய்கிறார். போன மாதம் சந்தித்தபோது கேட்டார்: "அண்ணை, சிகார் ரோலிங் எண்டதுக்கு நல்ல தமிழ் என்ன?"

சுருட்டுச் சுற்றுதல் என்றேன். அவருக்கு அது போதவில்லை. சுருட்டு என்றால் கிழவர்கள் காதில் செருகிக்கொண்டு திரிகிற மலிவுச் சரக்கு, சிகார் என்றால் வேறு என்பது அவர் எண்ணம். அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் பிறப்பு. உருள், உருட்டு, திரள், திரட்டு, சுருள், சுருட்டு. தானாக நடந்தால் சுருள், நாம் செய்தால் சுருட்டு. வெயிலில் இலை சுருளும், விடிந்ததும் பாயைச் சுருட்டுவோம். வயல்காரர் நெல்லில் கண்டு பயப்படுகிற புழுவுக்கு இலைச்சுருட்டி என்று பெயர். இந்த 'சுருட்டு' என்ற வினையடி அப்படியே பெயராக நின்றால் அது முதனிலைத் தொழிற்பெயர். செயலின் பெயர் அந்தச் செயலால் உண்டான பொருளுக்கு ஆகி வந்தால் அது தொழிலாகுபெயர். வற்றல், பொங்கல் எல்லாம் அப்படி வந்தவைதான். புகையிலை அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஐரோப்பியர் கப்பலேறி அது நம் பக்கம் வந்தபோது, புகைக்கிற இலை என்று அதற்கு நாமே பெயர் வைத்துக்கொண்டோம். சுருட்டிய இலைக்கும் வெளியே கடன் கேட்கவில்லை.

கடன் கேட்டது மற்றவர்கள். போர்த்துக்கேயர் சிகாரை இன்றும் 'சருட்டு' என்கிறார்கள். நம் சொல் அவர்கள் வாயில் திரிந்த வடிவம் அது. மலாயில் 'செருட்டு'. சிங்களத்தில் 'சுருட்டு'வேதான். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் போய் 'செரூட்' ஆனது. தென்னிலங்கையில் யாழ்ப்பாணத்தார் நடத்திய கடைகளைச் சிங்கள மக்கள் சுருட்டுக் கடை என்றே சொல்லிப் பழகியிருந்தார்கள். அந்தக் கடையில் அரிசி, பருப்பு எல்லாம் இருந்தாலும் பெயர் சுருட்டோடு ஒட்டிக்கொண்டது.

சிகார் வேறு வழியில் வந்த சொல். ஸ்பானிய மொழியின் 'சிகாரோ'விலிருந்து அது வந்தது. அந்தச் சொல்லும் மாயா மக்களிடம் புகைத்தலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதற்குப் பிரெஞ்சுக்காரர் 'குட்டி' என்ற பொருளில் ஒரு வால் சேர்க்க, சிகரெட் பிறந்தது. வெண்சுருட்டு என்று தனித்தமிழில் எழுதுவோர் அந்த வால் இல்லாமலே அழகாகச் சொல்லிவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சரி, ஆங்கிலத்தில் சிகாரும் செரூட்டும் ஒன்றா? இல்லை. செரூட் இரண்டு முனையும் வெட்டப்பட்டு, ஒரே பருமனில் நேராக இருக்கும். சிகாரின் வாய்ப்பக்கம் இலையால் மூடியிருக்கும்; பற்றவைக்கும் முன் அதை வெட்ட வேண்டும். தமிழில் இரண்டுமே சுருட்டு. வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில் 'முனை மூடிய சுருட்டு' என்றால் போதும், யாருக்கும் விளங்கும்.

இனி வீட்டில் சுற்றத் தொடங்குகிறவருக்கு வேண்டிய சொற்கள். இவற்றை நான் அகராதியிலிருந்து எடுக்கவில்லை. எங்கள் பெரியப்பா இளவயதில் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் பக்கம் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்துவிட்டு, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வன்னிக்குக் குடிவந்தவர். கொட்டிலில் ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவார்களாம். கியூபாவிலும் 1865 முதல் இதே வழக்கம் இருந்திருக்கிறது என்று நான் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "கை வேலை செய்யேக்க காது சும்மாதானே இருக்கு" என்றார்.

அவரிடம் நான் முதலில் கற்ற சொல் பதம். கடையில் வாங்கிய இலையை அப்படியே விரித்தேன், கையிலேயே அப்பளம் போல நொறுங்கியது. அவர் இலையில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கில் சுற்றி இரவு முழுக்க வைத்தார். காலையில் விரலில் சுற்றினால் துணிபோல வளைந்தது. "இதுதான் பதம். கூடினா பூஞ்சணம் பிடிக்கும், குறைஞ்சா வெடிக்கும்."

அப்புறம் நடுநரம்பைக் கிழித்து எடுத்தார். இலை இரண்டு பாதியாகும். காணொளிகளில் ஃபில்லர், பைண்டர், ரேப்பர் என்று மூன்று சொல் வரும். நான் உள்ளிலை, கட்டிலை, மேலிலை என்கிறேன். உள்ளிலையை விசிறி மடிப்பாக மடித்துச் சேர்க்க வேண்டும். மடிப்புக்கு இடையில் காற்று போக வழி வேண்டும். அதைக் கட்டிலை பிடித்துக்கொள்ளும். மேலிலைதான் கண்ணுக்குத் தெரிவது, ஓட்டை இல்லாத நல்ல இலையை அதற்கு ஒதுக்க வேண்டும். அதைச் சரிவாக வைத்து, ஒரு சுற்றின் விளிம்பில் அடுத்த சுற்று ஏறும்படி கொண்டுபோய், கடைசி நுனியில் மாப்பசை தொட்டு ஒட்டினால் முடிந்தது. இடப்பாதியையும் வலப்பாதியையும் ஒரே பக்கமாகச் சுற்றக் கூடாது. இலையின் நரம்பு உள்ளே போக, ஒன்றை இடமாகவும் மற்றதை வலமாகவும் சுற்ற வேண்டும். பெரியப்பா பார்க்காமலே கையால் தடவிச் சொல்லிவிடுவார் எது எந்தப் பாதி என்று.

நான் சுற்றிய முதலாவது கல் மாதிரி இறுகிப்போனது. "தம்பி, இறுக்காதை. இலை மூச்சு விடவேணும்." புகை உள்ளே வருகிற அளவுக்கு அவர் சொன்ன சொல் இழுவை. இறுக்கிச் சுற்றினால் இழுவை இராது, தளர்ந்தால் கடுகி எரியும். 'டிரா' என்று எழுதுகிற இடத்தில் இழுவை என்று எழுதிப் பாருங்கள்.

அவர் வாயில் கவனித்த இன்னொன்று: சுருட்டைச் 'சுருட்டினேன்' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சுருட்டுச் சுத்துறது என்பதுதான் பேச்சு. 'சுருட்டினான்' என்றால் அடித்துக்கொண்டு போனான் என்று பொருள் மாறிவிடும் அல்லவா! எழுத்தில் சுருட்டுச் சுற்றுதல், நடுவில் ச் வரும், பாட்டுப் பாடுதல் போல.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுருட்டுப் புகையை உள்ளிழுக்காமல் விட்டாலும் வாய்ப்புற்று வரக்கூடும். முற்றத்தில் செடி வளர்ப்பவர்கள் பனி ஈரத்தோடு பச்சை இலையை வெறுங்கையால் ஒடிக்க வேண்டாம். நிக்கொட்டின் தோல் வழியே ஏறித் தலைசுற்றும், வாந்தி வரும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலைப் பொருள் விற்பதை இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது, வீட்டிலும் பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் இலையை வையுங்கள். பெரியப்பா இப்போது புகைப்பதே இல்லை, வைத்தியர் நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் போகும்போது மட்டும் இரண்டு இலை விரித்துச் சுற்றிக் காட்டுவார், சுற்றியதை என்னிடமே தந்துவிடுவார்.