ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்

போன வருடம் ஒரு பாட்டி தன் தாத்தாவின் பைபிளை எடுத்துக்கொண்டு வந்தார். தாள்கள் உதிர ஆரம்பித்ததால் ஒரு கடையில் கொடுத்து பைண்டிங் செய்திருந்தார். "நல்லா புதுசு மாதிரி ஆயிடுச்சுல்ல தம்பி? இந்தப் பூச்சி மட்டும்தான் போகமாட்டேங்குது" என்றார். வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். பைண்டர் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்து நேராக்கியிருந்தார். ஓரத்தில் பழைய மையில் "ஆடி மீ" என்று ஒரு வரி தொடங்கி, அடுத்த எழுத்தின் பாதியில் அறுந்து நின்றது. அடுத்த பக்கத்தில் ஒரு பெயரின் கடைசி இரண்டு எழுத்து மட்டும்தான் மிச்சம். பிறந்த நாள், இறந்த நாள், கல்யாணம் என்று அந்தக் குடும்பம் எழுதி வைத்த கணக்கெல்லாம் குப்பைக்குப் போய்விட்டது.

பழைய நூல்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. இந்த மாதிரி ஒன்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது 1663-இல் வட அமெரிக்காவில் அச்சான ஒரு பைபிள்.

ஜான் எலியட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1631-இல் பாஸ்டனில் வந்து இறங்கியவர். அங்கிருந்த பூர்வகுடி மக்களின் மாசசூசெட் மொழியில் முழு பைபிளையும் கொண்டுவந்தார். புதிய ஏற்பாடு 1661-இல் வந்தது, முழு நூல் 1663-இல். அமெரிக்க மண்ணில் அச்சான முதல் முழு பைபிள் அதுதான். ஆங்கில பைபிள் அங்கே முழுதாக அச்சாக 1782 வரை ஆனது.

தலைப்பு 'மாமுஸ்ஸெ வுன்னீடுபானதாம்வெ உப்-பிப்லும் காட்'. அந்த 'உப்' என்பதற்கு 'அவருடைய' என்று பொருள். வெளியிலிருந்து வந்த பைபிள் என்ற சொல்லின் முன்னால் தங்கள் மொழியின் ஒட்டைப் போட்டு, அதைத் தங்கள் சொல்லாக்கிவிட்டார்கள். அதே பக்கத்தில் 'அச்சிடப்பட்டது' என்பதற்கு ஆங்கிலத்தின் 'பிரின்ட்' சொல்லையே எடுத்து, தங்கள் இலக்கண விகுதியைச் சேர்த்திருக்கிறார்கள்.

மொழிபெயர்த்தவர் என்று அங்கே எலியட்டின் பெயர்தான் இருக்கிறது. அவருக்கு மொழியைக் கற்றுக்கொடுத்த காக்கனோ, 1637-இல் ஆங்கிலேயர் பீக்வாட் இனத்தோடு நடத்திய போரில் பிடிபட்டு அடிமையாக வந்த லாங் ஐலண்ட் தீவுப் பூர்வகுடி. மொழிபெயர்ப்பில் கூடவே உட்கார்ந்தவர் ஜாப் நெசுட்டன் என்ற பூர்வகுடி. இவர்கள் இருவர் பெயரும் இல்லை. எழுத்துக் கோத்தவர்களில் ஒருவர் நிப்மக் இனத்து இளைஞர். அச்சுக்கூடத்தில் தொழில் பழகியதால் ஜேம்ஸ் பிரின்டர் என்றே பெயர் வந்துவிட்டது. அவர் பெயரும் இல்லை.

1675-இல் குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் போர் மூண்டது. மதம் மாறிய பூர்வகுடிகளையும் யாரும் நம்பவில்லை. எலியட் உருவாக்கிய நேட்டிக் ஊர் மக்களை அக்டோபரில் பாஸ்டன் துறைமுகத்தில் உள்ள டியர் தீவுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே குளிரிலும் பசியிலும் பலர் செத்துப்போனார்கள். பைபிள் பிரதிகளும் அந்தப் போரில் ஏராளமாக அழிந்தன. இந்த நூல் இன்று இவ்வளவு அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் பதிப்பு வேலை நடந்த காலத்தில் எலியட் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், அச்சைப் புரிந்து திருத்தக்கூடிய ஆள் அந்த 'இந்திய' அச்சுக்காரர் ஒருவர்தான் என்கிறார். பூர்வகுடிகளை அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்; அவர் சொல்வது ஜேம்ஸைத்தான். அந்தப் பதிப்பு 1685-இல் முடிந்தது. ஜேம்ஸின் பெயர் தலைப்புப் பக்கத்துக்கு வர 1709 ஆயிற்று. அந்த ஆண்டு வந்த, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகத்தில் அச்சிட்டவர்களாக 'பி. கிரீன் கா ஜே. பிரின்டர்' என்று இருக்கிறது. 'கா' என்றால் நம் 'உம்'.

சரி, ஓரத்துக்கு வருகிறேன். இந்த பைபிளின் பல பிரதிகளில், அதை வைத்திருந்த பூர்வகுடி மக்கள் தங்கள் மொழியிலேயே ஓரங்களில் எழுதியிருக்கிறார்கள். இது என் புத்தகம், இது என் கையெழுத்து என்று சிலர். தேதி குறித்தவர்கள் சிலர். இந்தப் புத்தகத்தைத் தெளிவாகப் படிக்க முடியாத பரிதாபமான ஆள் நான் என்று ஒருவர் வருந்தி எழுதியிருக்கிறார். அச்சான வரிகள் பாதிரியார் மேற்பார்வையில் வந்தவை. ஓரத்தில் இருப்பதை யாரும் கேட்டு வாங்கவில்லை, யாரும் திருத்தவும் இல்லை. மொழியியலாளர்கள் ஐவ்ஸ் காடார்டும் கேத்லீன் பிராக்டனும் இந்தக் குறிப்புகளையும், அந்த மக்கள் எழுதிய பத்திரங்கள், கடிதங்களையும் தொகுத்து 1988-இல் வெளியிட்டார்கள். இந்த பைபிளையும் அந்தப் பழைய ஆவணங்களையும் வைத்துத்தான் அந்த மொழி பேசிய பூர்வகுடிகளில் ஒன்றான வாம்பனோக் இனத்து ஜெசி லிட்டில் டோ பேர்ட் தன் முன்னோர் மொழியைத் திரும்பப் பேச்சுக்குக் கொண்டுவந்தார். பேசுவோர் இல்லாமல் நூறாண்டுக்கு மேல் கிடந்த மொழி அது. அவருடைய மகள் அதைத் தாய்மொழியாகவே பேசி வளர்ந்தாள்.

நம் பக்கமும் ஒரு இழை இதில் உண்டு. பாஸ்டன் பாதிரியார் காட்டன் மாதர் 1717-இல் தரங்கம்பாடியில் இருந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் பெயருக்குக் கடிதம் எழுதினார். 1719-இல் சீகன்பால்கு இறந்துவிட, உடனிருந்த கிரண்ட்லர் பதில் எழுதினார். அவரும் 1720-இல் போய்ச் சேர்ந்தார். இரண்டு கடிதங்களும் 1721-இல் பாஸ்டனில் வந்த 'இந்தியா கிறிஸ்தியானா' என்ற சிறு நூலில் இருக்கின்றன. அச்சிட்டவர் அதே பி. கிரீன். தமிழில் புதிய ஏற்பாடு அச்சிட்ட சீகன்பால்குவை மனதாரப் பாராட்டிய மாதர், அதே 1710-களில், தன் ஊர்ப் பூர்வகுடிகளின் பைபிளை மறுபடி அச்சிட வேண்டாம், அவர்களை ஆங்கிலம் பேச வைப்பதே நல்லது என்ற பக்கம் நின்றார். எனக்கு இதை ஜீரணிக்க முடிவதில்லை. அந்த பைபிளுக்கு மூன்றாம் பதிப்பு வரவே இல்லை.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் வீட்டில் பழைய வேதாகமமோ ஞானப்பாட்டுப் புத்தகமோ பஞ்சாங்கமோ இருந்தால், பைண்டிங் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும், வெற்றுத் தாளையும் அட்டையின் உட்புறத்தையும்கூட, போனில் படம் எடுத்துவிடுங்கள். "ஓரம் வெட்டக்கூடாது" என்று பைண்டரிடம் வாயால் சொன்னால் போதாது. ஒரு சீட்டில் எழுதிப் புத்தகத்திலேயே வையுங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எழுத்தோடுதான் வரும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பழைய மையைத் தண்ணீர்த் துணியால் துடைத்தால் கரைந்து போகலாம். தூசிக்கு மென்மையான பிரஷ் போதும்.

பாட்டியின் பைபிளில் பூச்சி வேலையை முடித்துக் கொடுத்த அன்று, ஓரத்தில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்து ஒவ்வொன்றாகச் சொன்னார். வெள்ளைத் தாளில் எழுதி, தேதி போட்டு, புத்தகம் வைத்த பெட்டிக்குள் வைத்தேன். ஆறு பெயர்கள் வந்தன. கைக்குழந்தையாகவே இறந்துபோன அத்தை ஒருத்தியின் பெயரும் அதில் இருந்தது என்றார், அது மட்டும் அவருக்கு நினைவு வரவில்லை.